ஏடுகளில் தேடிய ஒரு குடும்பம்: லிங்கன் வம்சாவளி பற்றிய ஓர் ஆய்வு

ஆபிரகாம் லிங்கனைப் பற்றி நாம் சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். மரக்குடிசையில் பிறந்தார், அடுப்பு வெளிச்சத்தில் படித்தார், ஜனாதிபதியானார், அடிமை முறையை ஒழித்தார், சுடப்பட்டு இறந்தார். பேச்சுப் போட்டியில் அவர் பெயரைச் சொல்லாத மாணவி நம் கல்லூரியில் இருக்க முடியாது. இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. அவருக்கு முன் வாழ்ந்த ஆறு தலைமுறைகளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ஆறு தலைமுறைகளையும் எந்தக் காகிதங்களைக் கொண்டு கண்டுபிடித்தார்கள் என்பதைப் பற்றியது.

உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் எங்களுக்கு 'மூலாதாரம்' என்ற சொல் புதிதல்ல. கல்வெட்டு, நாணயம், வெளிநாட்டார் குறிப்பு என்று பட்டியலிட்டு எழுதிப் புள்ளியும் வாங்குகிறோம். ஆனால் அவை பெரும்பாலும் அரசர்களைப் பற்றியவை. கல்வெட்டு வெட்ட வசதியில்லாத, எழுதப் படிக்கத் தெரியாத, பத்து வருடத்துக்கு ஒருமுறை வீட்டைக் கழற்றிக்கொண்டு மேற்கே போய்விடுகிற ஒரு விவசாயக் குடும்பத்தை எப்படித் தேடுவது? இந்தக் கேள்விக்கு லிங்கன் குடும்பத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அந்தக் குடும்பத்தின் மிகப் பிரபலமான பிள்ளையே தேடிப் பார்த்துத் தோற்றவர்.

லிங்கனுக்குத் தெரிந்தது

1859 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பர் கேட்டதற்காக லிங்கன் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். தன் பாட்டனாரின் பெயரும் ஆபிரகாம்தான் என்றும், அவர் வேர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து 1781 அல்லது 1782 அளவில் கென்டக்கிக்கு வந்தார் என்றும், ஓரிரு வருடங்களில் செவ்விந்தியரால் கொல்லப்பட்டார் என்றும் அதில் கூறுகிறார். அதற்கு முந்திய தலைமுறையினர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், பென்சில்வேனியாவின் பேர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்தவர்கள் என்கிறார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது.

அவர் முயன்று பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 1848இல் காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தபோது, மசாசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரிலிருந்த லிங்கன் ஒருவரோடும், வேர்ஜீனியாவிலிருந்த லிங்கன் ஒருவரோடும் கடிதம் எழுதி விசாரித்தார். ஒரு விடயம் அவர் கண்ணில் பட்டது. மொர்தெகாய், சொலமன், லேவி, ஏனோக், ஆபிரகாம் என்ற பெயர்கள் தன் குடும்பத்திலும் வருகின்றன, மசாசூசெட்ஸ் லிங்கன்களிடையேயும் வருகின்றன. பெயர் ஒற்றுமை இருக்கிறது, ஆதாரம் இல்லை. அத்தோடு தேடல் நின்றுவிட்டது. அவர் ஊகித்தது சரி என்பது அவர் இறந்து இருபது வருடங்களுக்குப் பிறகே நிரூபிக்கப்பட்டது.

அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவருடைய தகப்பன் தோமஸ் லிங்கன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே வாப்பாவை இழந்தவர். தன் பெயரைக் கையொப்பமிட மட்டுமே அவருக்குத் தெரியும். நாம் நம் மூத்தவர்களைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பகுதி வாப்பாவும் வாப்பப்பாவும் சொன்னது. இடையில் ஒருவர் சிறு வயதில் அனாதையாகிவிட்டால் அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தனக்கு முன்னிருந்தவரைச் சந்தித்திருக்க வேண்டும், இடையில் ஒரு கண்ணி விழுந்தால் தொடர் பலவீனமாகிறது. வம்சாவளி ஆய்வாளரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்: இவருக்கும் இவருடைய தகப்பனுக்கும் இடையே என்ன சாட்சி இருக்கிறது?

நகரும் குடும்பம், நகராத ஏடுகள்

அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது என்று பிரித்தானிய அரசு 1763இல் தடை விதித்தது. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1775இல் டேனியல் பூன் என்பவர் கம்பர்லண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டிய பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவ்வழியே போயின. இப்படி முன்னேறிக்கொண்டே இருந்த குடியேற்ற விளிம்பைத்தான் அமெரிக்கர் 'எல்லைப்புறம்' என்கிறார்கள். நாம் வரைபடத்தில் பார்க்கும் எல்லைக் கோடு போன்றதல்ல அது. அப்பா காலத்தில் ஓரிடம், மகன் காலத்தில் இன்னோரிடம்.

லிங்கன் குடும்பம் அந்த விளிம்போடு சேர்ந்தே நகர்ந்தது. சாமுவேல் லிங்கன் 1637இல் இங்கிலாந்திலிருந்து மசாசூசெட்ஸ் வந்தார். அவர் மகன் மொர்தெகாய் அங்கேயே இரும்பு வேலை செய்தார். பேரன் இளைய மொர்தெகாய் நியூ ஜேர்சிக்கும் பின் பென்சில்வேனியாவுக்கும் போனார். அவர் மகன் ஜோன் 1768 அளவில் வேர்ஜீனியா போனார். ஜோனின் மகன் கப்டன் ஆபிரகாம் கென்டக்கி போனார். அவர் மகன் தோமஸ் கென்டக்கியிலிருந்து இன்டியானாவுக்கும் பிறகு இலினோய்க்கும் போனார்.

குடும்பம் போய்விடும், ஏடு போகாது. ஒருவருடைய காணி உறுதியும் திருமணப் பதிவும் அவை எழுதப்பட்ட கவுண்டி நீதிமன்றத்திலேயே கிடக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: கவுண்டிகளே உடைந்துகொண்டிருந்தன. 1776இல் கென்டக்கி முழுவதும் வேர்ஜீனியாவின் ஒரே கவுண்டி. 1780இல் அது மூன்றானது. பிறகு அவற்றிலிருந்து நெல்சன், வாஷிங்டன், ஹார்டின் என்று புதியவை பிறந்தன. 1792இல் கென்டக்கி தனி மாநிலமானது. ஜனாதிபதி லிங்கன் 1809இல் பிறந்த இடம் அன்று ஹார்டின் கவுண்டி. 1843இல் அதிலிருந்து லரூ கவுண்டி பிரிந்ததால் இன்று அதே இடம் லரூவில் இருக்கிறது. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு லரூ ஏடுகளில் 1809ஐத் தேடினால் ஒன்றும் அகப்படாது. சம்பவம் நடந்த அன்று அந்த இடம் எந்த நிருவாகத்தின் கீழ் இருந்தது என்பதே ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

குடிசன மதிப்பீடு உதவாதா என்று தோன்றலாம். அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அது நடக்கிறது. ஆனால் கென்டக்கியின் 1790, 1800 மதிப்பீட்டுத் தாள்கள் இன்று இல்லை. இருக்கும் தாள்களிலும் 1850க்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. அதனால் எல்லைப்புறக் குடும்பங்களைத் தேடுபவர்கள் வரிப் பட்டியல், காணி அளவைக் குறிப்பு, நீதிமன்ற நாளேடு ஆகியவற்றிடம் போகிறார்கள். மக்கள் எங்கே ஓடினாலும் வரி அறவிடுபவர் பின்னாலேயே வந்துவிடுகிறார் என்பது வரலாற்று மாணவிகளுக்கு நல்ல செய்தி!

ஒரு காணியால் இணைந்த இரண்டு தலைமுறைகள்

மசாசூசெட்ஸ் லிங்கன்களும் வேர்ஜீனியா லிங்கன்களும் ஒரே குடும்பம் என்பதை எப்படி நிரூபித்தார்கள்? பதில் ஒரு மரண சாசனத்தில் இருந்தது.

பென்சில்வேனியாவில் 1736இல் இறந்த இளைய மொர்தெகாய் தன் சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார். மூத்த மனைவியின் மகனான ஜோனுக்கு அவர் விட்டுச் சென்றது பென்சில்வேனியாக் காணி அல்ல, முன்பு தான் வாழ்ந்த நியூ ஜேர்சியில் இருந்த 300 ஏக்கர். பல வருடங்களின் பின் அந்த 300 ஏக்கரையும் ஜோன் லிங்கன் என்பவர் விற்றார். விற்பனை உறுதியில் தான் மொர்தெகாயின் மகன் என்று எழுதினார். சாசனத்தில் கொடுக்கப்பட்ட காணியும் உறுதியில் விற்கப்பட்ட காணியும் ஒன்று. ஆகவே இரண்டு ஜோன்களும் ஒரே ஆள். ஒரே பெயரில் பலர் இருந்த காலத்தில் பெயரை வைத்து ஒருவரை அடையாளம் காண்பது ஆபத்து. காணி அப்படியல்ல, ஒரு துண்டுக் காணி ஓரிடத்தில்தான் இருக்கும். 1880களில் ஆய்வாளர்கள் இந்தக் கண்ணியைப் பொருத்திய பிறகு, 1848இல் லிங்கன் கண்ட பெயர் ஒற்றுமைக்கு ஆதாரம் கிடைத்தது.

அந்த மரண சாசனத்தின் திகதியும் சுவையானது. 1735/6 பெப்ரவரி 22 என்று அது எழுதப்படும். 1752 வரை பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் வருடம் மார்ச் 25ஆம் திகதிதான் பிறந்தது. எனவே அவர்கள் கணக்கில் அந்தப் பெப்ரவரி இன்னும் 1735, நம் கணக்கில் 1736. ஹிஜ்ரித் திகதியையும் ஆங்கிலத் திகதியையும் அருகருகே வைத்து வாழும் நமக்கு இது புரியாத விடயமல்ல.

பேர்க்ஸ் கவுண்டியில் லிங்கன் குடும்பத்தின் அயலவர்கள் யார் தெரியுமா? பாதை வெட்டிய டேனியல் பூனின் குடும்பம். மொர்தெகாய் இறந்த பிறகு பிறந்த மகன் ஒருவர் 1760இல் ஆன் பூன் என்ற பெண்ணை மணந்தார். ஆன் குவேக்கர், மணமகன் குவேக்கர் அல்ல. சபைக்கு வெளியே மணப்பது அவர்களிடையே குற்றம் என்பதால் அது குவேக்கர் கூட்டக் குறிப்பில் ஏறியது. ஒழுங்காக நடந்த பலருடைய வாழ்க்கை பற்றி ஒரு வரியும் இல்லாத ஏட்டில், விதியை மீறியவர்கள் திகதியோடு நிற்கிறார்கள்.

ஆறு தலைமுறைக்கு முந்திய சாமுவேலிடம் வந்தால் ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இங்கிலாந்தின் ஹிங்ஹாம் தேவாலய ஏட்டின்படி அவர் 1622 ஆகஸ்டில் ஞானஸ்நானம் பெற்றார். 1637 கப்பல் பயணிகள் பட்டியலோ நெசவாளர் ஒருவரின் வேலைக்காரரான அவருக்கு 18 வயது என்கிறது. முதல் ஏட்டின்படி பதினான்கு பதினைந்து வயதே இருக்க வேண்டும். ஞானஸ்நானத் திகதி பிறந்த திகதி அன்று என்பதை நினைவில் வைத்தால் இரண்டையும் ஒருவாறு சமரசம் செய்யலாம். ஆனாலும் ஏடு என்றால் எல்லாம் உண்மை என்று நம்பிவிடக் கூடாது. ஏட்டை எழுதியவரும் யாரோ சொல்லக் கேட்டுத்தான் எழுதினார்.

1784ஆ, 1786ஆ?

கப்டன் ஆபிரகாமின் மரணமே இந்தக் குடும்பத்தின் பெரிய கதை. அவர் தன் வயலில் மகன்களோடு வேலை செய்துகொண்டிருந்தபோது காட்டோரத்திலிருந்து வந்த குண்டு அவரைக் கொன்றது. மூத்த மகன் மொர்தெகாய் குடிசைக்கு ஓடித் துப்பாக்கியை எடுத்தார். நடு மகன் ஜொசையா உதவி தேடி ஓடினார். கடைக்குட்டித் தோமஸ் வாப்பாவின் உடலருகே நின்றார். அவரைத் தூக்கிச் செல்ல வந்த செவ்விந்தியரை மொர்தெகாய் சுட்டு வீழ்த்தினார். வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட இக்கதையே எல்லாவற்றிலும் ஆழமாகத் தன் மனத்தில் பதிந்தது என்ற பொருளில் ஜனாதிபதி 1854இல் ஓர் உறவினருக்கு எழுதினார்.

வீட்டுக் கதையின்படி இது 1784இல் நடந்தது. ஆனால் ஜெபர்சன் கவுண்டியின் லோங் ரன் என்ற ஓடைக்கரையில் 400 ஏக்கர் அளக்கப்பட்டது 1785 மே மாதத்தில். அந்த அளவைக் குறிப்பில், எல்லை மரங்களை அடையாளமிட்டவராகக் காணிச் சொந்தக்காரரின் பெயரே இருக்கிறது. 1784இல் இறந்தவர் 1785இல் மரத்தில் கொத்திக்கொண்டிருக்க முடியாதல்லவா? அதனால் ஆய்வாளர்கள் 1786 மே மாதத்தை ஏற்கிறார்கள். 1788இல் நெல்சன் கவுண்டி நீதிமன்றம் அவருடைய அசையும் சொத்தைப் பட்டியலிட வைத்தது. குதிரைகள், மாடுகள், கலப்பை, மண்வெட்டிகள், துப்பாக்கிகள், ஈயப் பாத்திரங்கள், இறகு மெத்தை. கதையில் கிடைக்காத வீட்டை நான் இந்தப் பட்டியலில்தான் கண்டேன்.

இந்தக் காணி ஆவணங்களில் அவர் பெயர் 'லிங்கோர்ன்' என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதுவினைஞர் காதில் விழுந்ததை எழுதினார். 'லிங்கன்' என்ற எழுத்தை மட்டும் தேடுபவர் இந்த ஏட்டைத் தாண்டிப் போய்விடுவார். முஹம்மது, மொஹமட், முகமது என்று ஒரே வீட்டில் மூன்று அடையாள அட்டைகள் வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டு வருட வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டே வாசித்தேன். பதில் ஒரு சட்டத்தில் இருந்தது. அன்று கென்டக்கியில் நடைமுறையில் இருந்தது வேர்ஜீனியாச் சட்டம். பழைய முறைப்படி, மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் காணி முழுவதும் மூத்த மகனுக்கே. வேர்ஜீனியா 1785இல் இதை மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும், சம பங்கு என்று சட்டம் இயற்றியது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1இல். கப்டன் ஆபிரகாம் அதற்கு ஏறக்குறைய எட்டு மாதம் முன்னதாக, சாசனம் எழுதாமல் இறந்தார். ஆயிரக்கணக்கான ஏக்கர் மூத்தவர் மொர்தெகாய்க்குப் போனது. ஜொசையாவுக்கும் தோமஸுக்கும் இரண்டு சகோதரிகளுக்கும் காணி இல்லை. மனைவி, மகன், மகள் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு வகுக்கப்பட்ட மார்க்கத்தில் வளர்ந்த எனக்கு, ஒரே ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது விசித்திரமாகவே பட்டது. ஜனாதிபதியின் தகப்பன் ஏன் கூலி வேலையும் தச்சு வேலையும் செய்து திரிந்தார், ஏன் மகன் மரக்குடிசையில் பிறந்தான் என்பதற்கு இந்தத் திகதிதான் பாதி விடை.

மறு பாதி கென்டக்கியின் காணி உறுதிகளில் இருக்கிறது. அங்கே காணியை அளந்த முறை, 'ஓடையோரத்து வெள்ளை ஓக் மரத்திலிருந்து இத்தனை கோல் வடக்கே' என்பது போன்றது. மரம் விழுந்துவிட்டால் எல்லையும் விழுந்துவிடும். ஒரே நிலத்துக்கு மூன்று நான்கு பேர் உரிமை கோரினார்கள். தோமஸ் பணம் கொடுத்து வாங்கிய காணிகளிலும் வழக்கு வந்தது. 1816இல் அவர் இன்டியானாவுக்குக் குடிபெயர்ந்தார். அடிமை முறை ஓரளவு காரணம், காணி உரிமைச் சிக்கலே முக்கிய காரணம் என்று மகன் பின்னர் எழுதியிருக்கிறார். இன்டியானாவில் அரசாங்கம் நிலத்தை முன்கூட்டியே ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகவும் அளந்து விற்றது. அங்கே சண்டைக்கு இடமில்லை. தேடுபவருக்கும் அது வசதி: 1817இல் தோமஸ் 160 ஏக்கர் பதிந்தது எந்தச் சதுரத்தின் எந்த மூலை என்று இன்றும் காட்டலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. இந்த உறுதிகள் எல்லாம் எழுதப்படுவதற்கு முன் அந்தக் காடுகள் ஷோனி முதலிய மக்களின் வேட்டை நிலங்கள். அவர்களிடம் உறுதி இல்லை, அதனால் வழக்காடவும் முடியவில்லை. காட்டோரத்திலிருந்து சுட்டவரின் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை. கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்களுக்கும் இதே கதிதான். 1850, 1860 குடிசன மதிப்பீடுகளில் அவர்கள் எசமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் எழுதப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேடினால் பெரும்பாலானோருக்கு முதல் முறையாகப் பெயர் கிடைப்பது 1870 மதிப்பீட்டில்தான்.

நான்சி ஹாங்ஸின் திருமணம்

இனி உம்மாவின் பக்கம் வருவோம். ஆண்களுக்குக் காணி இருந்தது, வரி இருந்தது, வழக்கு இருந்தது. பெண்களுக்கு அவை இல்லை, அதனால் ஏடும் குறைவு. திருமணமானதும் குடும்பப் பெயரும் மாறிவிடும். கப்டன் ஆபிரகாமின் மனைவி பெயர் பத்ஷேபா என்று நமக்குத் தெரிவதற்கு முக்கிய ஆதாரம், 1780இல் கணவர் வேர்ஜீனியாக் காணியை விற்றபோது அவருடைய சம்மதமும் தேவைப்பட்டது. கணவன் காணியில் மனைவிக்கு இருந்த விதவையுரிமையை விட்டுக்கொடுக்கிறாளா, யாரும் வற்புறுத்தவில்லையா என்று அவளைத் தனியே அழைத்து விசாரிக்கும் வழக்கம் இருந்தது. தன் உரிமையைக் கைவிடும் அந்த ஒரு தருணத்தில்தான் பல பெண்கள் ஏட்டில் தோன்றுகிறார்கள்.

ஜனாதிபதியின் உம்மா நான்சி ஹாங்ஸ். அவர் 1818 அக்டோபர் 5இல் இன்டியானாவில், நச்சுச் செடி தின்ற மாட்டின் பாலால் வரும் நோயில் இறந்தார். மகனுக்கு வயது ஒன்பது. நம்பத்தக்க படம் ஒன்றும் அவருக்கு இல்லை. லிங்கன் பிரபலமானதும் எதிரிகள் ஒரு வதந்தியைப் பரப்பினார்கள்: தோமஸும் நான்சியும் முறைப்படி மணந்துகொள்ளவே இல்லை, லிங்கனின் தகப்பன் வேறு யாரோ. ஹார்டின் கவுண்டி ஏடுகளில் தேடியவர்களுக்குக் கிடைத்தது தோமஸின் இரண்டாம் திருமணம் மட்டுமே, 1819 டிசம்பர் 2ஆம் திகதி சாரா புஷ் ஜோன்ஸ்டன் என்ற விதவையோடு. முதல் திருமணம் இல்லை. 1865இல் லிங்கன் கொல்லப்பட்டபோதும் இந்த வதந்திக்குப் பதில் கிடைத்திருக்கவில்லை. தன் உம்மாவைப் பற்றி ஊர் இப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார்.

காகிதம் இருந்தது. பக்கத்துக் கவுண்டியில் இருந்தது. தோமஸ் ஹார்டினில் வாழ்ந்தாலும், மணமகள் வாஷிங்டன் கவுண்டியில் பெரி குடும்பத்தாரின் வீட்டில் இருந்தார், திருமணமும் அங்கேயே நடந்தது. 1870களின் பிற்பகுதியில் ஸ்பிரிங்ஃபீல்ட் நீதிமன்றத்தின் பழைய கட்டுகளிலிருந்து இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஒன்று 1806 ஜூன் 10 திகதியிட்ட பிணைப் பத்திரம். இத்திருமணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை, இருந்தால் 50 பவுண் கட்டுவோம் என்று தோமஸ் லிங்கனும் ரிச்சட் பெரியும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். மற்றது ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்த போதகர் தான் நடத்திவைத்த திருமணங்களைப் பட்டியலிட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை. அதில் ஜூன் 12, தோமஸ் லிங்கன், நான்சி ஹாங்ஸ். மூத்த மகள் சாரா பிறந்தது 1807 பெப்ரவரியில், ஆபிரகாம் 1809 பெப்ரவரி 12இல். எழுபது வருடம் கட்டுக்குள் கிடந்த இரண்டு தாள்கள் ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தன.

பிணைப் பத்திரத்தில் ரிச்சட் பெரி தன் பெயருக்குப் பின் 'பாதுகாவலர்' என்ற பொருள் தரும் சொல்லை எழுதியிருக்கிறார். வாசித்தவுடன் எனக்கு 'வலி' என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. மணமகன் கையொப்பம் இருக்கிறது, பாதுகாவலர் கையொப்பம் இருக்கிறது, நான்சியின் கையொப்பம் இல்லை. நம் நாட்டின் முஸ்லிம் விவாகப் பதிவில் மணமகள் கையொப்பமிடுவது பற்றிப் பெரியவர்கள் நீண்ட காலமாக விவாதிப்பதை நாமும் கேட்டிருக்கிறோம். வருங்காலத்தில் நம்மைத் தேடப்போகிறவர்களின் கண்ணாலும் அந்த வெற்றிடத்தைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

நான்சியின் கை பட்ட ஒரு தாள் உண்டு. 1814 அக்டோபரில் கணவனும் மனைவியுமாக ஒரு காணியை விற்ற உறுதி. தோமஸ் பெயரை எழுதியிருக்கிறார். நான்சியின் பெயரை எழுதுவினைஞர் எழுத, நடுவே அவர் ஒரு பெருக்கல் குறி இட்டிருக்கிறார்.

நான்சியின் பெற்றோர் யார் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. லிங்கனின் சட்டப் பங்காளி வில்லியம் ஹேர்ன்டன், 1850 அளவில் குதிரை வண்டியில் ஒரு வழக்குக்காகச் செல்லும் வழியில் லிங்கன் தன்னிடம் மனம் திறந்ததாக எழுதியிருக்கிறார். தன் உம்மா லூசி ஹாங்ஸ் என்பவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர், தகப்பன் வேர்ஜீனியாவின் வசதியான விவசாயி ஒருவர் என்று லிங்கன் சொன்னாராம். லிங்கன் குடும்பத்தை உயர்த்த விரும்பிய சில எழுத்தாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. லூசி உண்மையில் ஷிப்லி குடும்பத்துப் பெண், ஹாங்ஸ் ஒருவரை மணந்து விதவையானவர், நான்சி அந்தத் திருமணத்தில் பிறந்தவர் என்று வேறொரு வம்சாவளியை அவர்கள் முன்வைத்தார்கள். அது கௌரவமாக இருந்தது. ஆனால் அந்தத் திருமணத்தைக் காட்டும் பதிவு ஒன்றையும் எவரும் காட்டவில்லை. முன்னைய வதந்தியில் ஏடு இருந்தும் மக்கள் அவதூறை நம்பினார்கள். இங்கே ஏடு இல்லாமலே கௌரவத்தை நம்பினார்கள். இரண்டும் ஒரே பிழைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏடு கைவிட்ட இடத்தில் உயிரியல் உதவிக்கு வந்தது. உயிரியல் பிரிவுத் தோழிகளுக்குத் தெரியும்: இழைமணியின் டீ.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது, மகளின் வழியே தொடர்கிறது. நான்சியின் ஒரே மகள் சாரா 1828இல் பிரசவத்தில் இறந்தார், பிள்ளையும் தங்கவில்லை. ஜனாதிபதியின் நேரடிச் சந்ததியும் 1985இல் கடைசிக் கொள்ளுப்பேரனோடு முடிந்தது. ஆகவே சோதனைக்கு நேரடியாக யாரும் இல்லை. ஆய்வாளர்கள் ஒரு தலைமுறை மேலே ஏறி, பெண்வழியாக மட்டும் கீழே இறங்கிவரும் உறவினரைத் தேடினார்கள். ஒவ்வொரு படியிலும் உம்மா, உம்மாவின் உம்மா, அவருடைய சகோதரி என்று ஏடுகளில் பெயர் மாறிமாறிப் போன பெண்களையே அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2015இல் வெளியான முடிவின்படி லூசியின் வழி வந்தோரும் ஹாங்ஸ் குடும்பத்துப் பெண்கள் வழி வந்தோரும் அரிதான ஒரே வகையைச் சேர்ந்தவர்கள். ஷிப்லி வழியினர் வேறு வகை. லூசி பிறப்பாலேயே ஹாங்ஸ். கௌரவமான கதை விழுந்தது, வண்டியில் லிங்கன் சொன்னதாகச் சொல்லப்பட்டது நின்றது.

அந்தப் பரிசோதனை தாய்வழியைத்தான் காட்டும். லிங்கன் வம்சாவளி அட்டவணையில் நான்சி ஹாங்ஸின் தகப்பன் பெயருக்குரிய கட்டத்தில் இன்றும் ஒரு கேள்விக்குறியே அச்சிடப்படுகிறது.